ஐந்து விரல், ஐந்து வார்த்தை

லூப்ளின், போலந்து
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

பொங்கலுக்கு முதல் நாள் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது கரும்புச் சக்கையைக்கூட குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போயிருக்கும். நான் சௌக்கியம். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வதைத் தவிர இந்தக் குளிரில் வேறு குறை இல்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? மாமா எப்படி இருக்கிறார்?

போன் வேண்டாம், கடிதம் போடு என்று திடீரென்று கட்டளை போட்டுவிட்டாய். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இந்தக் காலத்தில் கடிதம் வாங்குகிற ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்து திட்டினால் என் பேரைச் சொல்லாதே.

ஜிம்மில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். போஹ்தான் என்று ஒரு பாக்ஸர். உக்ரைன்காரன், வயது முப்பத்துநாலு. அவனுக்கு மசாஜ் செய்வதும் தினமும் கையில் பேண்டேஜ் சுற்றுவதும் இனி நான். ஒன்பது வயதில் கார்கிவ் ஊரில் ஒரு தொழிற்சாலை கிளப்பில் கிளவுஸ் மாட்டியவன். அமெச்சூரில் இருநூற்றுப் பன்னிரண்டு சண்டை. ஜூனியர் ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி. ஒலிம்பிக் போவதற்கான கடைசிச் சண்டையில் ஒரே ஒரு நடுவர் போட்ட மார்க்கில் தோற்றான். அந்த நடுவரைப் பேர் சொல்லி இன்றைக்கும் திட்டுகிறான். தொழில்முறைக்கு வந்து பதினேழு வெற்றி, மூன்று தோல்வி. மூன்றில் இரண்டு நாக் அவுட். இரண்டும் இந்த இரண்டு வருடத்தில்.

அங்கே போர். பாக்ஸிங் சண்டை இருக்கிறது என்று காகிதம் காட்டினால்தான் அவன் நாட்டை விட்டு வெளியே இருக்கலாம், இல்லாவிட்டால் பட்டாளத்துக்குப் போக வேண்டும். அதனால் ஓய்வு என்ற பேச்சையே எடுக்க மாட்டான்.

ஸ்கூல் படிக்கும்போது மாமா கைக்கு நான் துணி சுற்றியது ஞாபகம் வருகிறது. மூன்று முறை மாநில சாம்பியன், என்னிடம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை இரண்டு வரி எழுதச் சொல்.

உன் தம்பி,
செம்பியன்


கோட்டூர்புரம்
8 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி செம்பியா,

நீ நல்லபடியாக இருப்பது தெரிந்து நிம்மதி. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. தி.நகரில் ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளுக்குக் கால் வீங்காமல் காதா வீங்கும்? முகூர்த்த மாதம் வேறு. ஒரு புடவைக்கு நாற்பது புடவை பிரித்துக் காட்டுகிறேன். கடைசியில் முதலில் காட்டியதையே எடுக்கிறார்கள்.

கடிதம் ஏன் என்று கேட்டிருக்கிறாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான்.

மாமா நன்றாக இருக்கிறார். டிரைவர் வேலைக்குத் தவறாமல் போகிறார். நான் இதை எழுதும்போது தூங்கிவிட்டார், அதனால் இந்தத் தடவை எழுதவில்லை.

உன் போஹ்தான் பற்றி இன்னும் எழுது. அவனுக்குத் தலைவலி உண்டா?

ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

அக்கா,
மணிமொழி


லூப்ளின்
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு நடுவில் வந்த இருமல் விட்டுவிட்டது.

தலைவலி உண்டா என்று கேட்டாய். நீ எப்படி அதைக் கேட்டாய் என்று தெரியவில்லை, உண்டு. அது மட்டும் என்றால் பரவாயில்லை. தினமும் வருகிற ஜிம்முக்கு ஒரு நாள் வழி தவறிவிட்டான். சூப்பில் உப்புப் போட்டுவிட்டு மறுபடியும் போடுகிறான். அவன் தம்பி அந்திரிய் போன வருடம் போரில் இறந்துபோனான். இந்த வாரம் காலையில் கையை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அந்திரிய் போன் பண்ணினானா?" என்று கேட்டான். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவன் மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கேள்வி. "இன்னும் இல்லை" என்று சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினான். நான் செய்தது சரியா, அக்கா?

ஜூன் பதினைந்தாம் தேதி சண்டை. ஏப்ரலில் டாக்டர் சோதனை. தலைமைக் கோச்சிடம் சொன்னேன். "நீ கையைப் பார், தலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மாமாவிடம் கேள். அவர் இருபது வருடம் அடி வாங்கியவர். இவன் ரிங்கில் இறங்கலாமா கூடாதா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தெம்பாக இருக்கும். அவர் கையெழுத்தில் வேண்டும்.

செம்பியன்


கோட்டூர்புரம்
29 மார்ச் 2024

அன்புள்ள செம்பியா,

சுகமாக இருக்கிறாய் அல்லவா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அடையாற்று நாற்றமும் கூடவே வந்துவிட்டது. மற்றபடி நலம்தான்.

நீ பொய் சொன்னது சரி. இனிமேலும் அதையே சொல். உண்மையைச் சொன்னால் அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. நாம் என்ன கல்லா, தினமும் ஒருத்தரை அப்படி அழவிட?

மாமாவிடம் கேட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கையில் சுளுக்கு, பேனா பிடிக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், ஏன் என்று கேட்காதே. அந்த டாக்டர் சோதனையில் என்னென்ன செய்யச் சொல்வார்கள்? எக்ஸ்ரே மட்டுமா, வாயாலும் கேள்வி கேட்பார்களா? கடையில் கூட வேலை பார்க்கிற அமீனா பீயின் அப்பாவுக்குத் தெரிய வேண்டுமாம். போஹ்தான் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்கிறானா என்பதையும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

மணிமொழி


லூப்ளின்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நானும் என் மூக்கும் நலம். மாமாவின் சுளுக்குக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அமீனா பீயின் அப்பாவுக்காக நீ இவ்வளவு கவலைப்படுவது அவர் செய்த புண்ணியம்.

போஹ்தான் பட்டன் போடுவதில்லை. பனியனுக்கு மாறிவிட்டான்.

சோதனையில் பாஸ் செய்துவிட்டான். எப்படி என்று சொன்னால் நீ என்னைத் திட்டுவாய். இங்கே வருகிற டாக்டர் எல்லோரிடமும் ஒரே காகிதத்தை வைத்துத்தான் கேட்பார். இன்று என்ன தேதி, என்ன கிழமை, எந்த ஊர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். எலுமிச்சை, கம்பளி, சாவி, படகு, ஏணி. என் மேஜை அந்த அறையில்தான் இருக்கிறது. போன வருடம் கேட்டது எனக்கு மனப்பாடம்.

"செம்பி, உதவி செய்" என்று கெஞ்சினான். தோற்றால் திரும்பிப் போக வேண்டும். போனால் என்ன ஆகும் என்று அவன் தம்பிக்குத் தெரியும். அதனால் மூன்று வாரம், பேண்டேஜ் சுற்றும்போது விரலுக்கு ஒரு வார்த்தை கட்டினேன். கட்டைவிரலுக்கு எலுமிச்சை, ஆள்காட்டிக்குக் கம்பளி, நடுவிரலுக்குச் சாவி, அடுத்ததற்குப் படகு, சுண்டுவிரலுக்கு ஏணி. மூளை விட்டதை விரல் பிடித்துக்கொண்டது. டாக்டர் கேட்டதும் மேஜைக்கு அடியில் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிவிட்டான். வெளியே வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான்.

நான் சிரித்தேன். ராத்திரி என் விரல்களை நானே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்பியன்


லூப்ளின்
26 மே 2024

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பொறுக்காமல் நேற்று போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். "மாமா, செம்பியன் பேசுறேன்" என்றேன். "செம்பியனா? அவன் ஸ்கூலுக்குப் போய்கீறான் நைனா. சாய்ங்காலமா போடு" என்று வைத்துவிட்டார். அவருடைய குசும்பு இன்னும் குறையவில்லை. பயிற்சி முடிகிறவரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

போஹ்தானுக்குச் சண்டை நெருங்குகிறது. எதிராளி இருபத்தாறு வயது, இடது கைக்காரன், இதுவரை தோற்றதில்லை. இவன் ஒரே குத்தை மூன்று முறை போடுகிறான், மூன்றாவது முறை காற்றில். கோச் பார்க்காதது போல் இருக்கிறார். நானும்தான். அவனுக்குத் துணையாக ரிங் மூலையில், கார்னரில், மூன்றாவது ஆளாக என்னையும் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர், ஐஸ், டவல். ஆள் தாங்கமாட்டான் என்றால் டவலை உள்ளே எறிந்து சண்டையை நிறுத்தலாம். ஆனால் அந்த உரிமை கோச்சுக்கு மட்டும்தான்.

உடனே எழுது.

செம்பியன்


கோட்டூர்புரம்
5 ஜூன் 2024
ஸ்பீட் போஸ்ட்

செம்பியா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீயாவது நலமாக இரு.

மாமா போனில் சொன்னது குசும்பு இல்லை. அவருக்கு நீ ஸ்கூல் பையன்தான். ஒரு வருடமாக இப்படி. முதலில் வார்த்தை குழறியது, பிறகு பட்டன், பிறகு ஆட்கள். செத்துப்போன அவர் அம்மா தாயம்மா மாவு அரைக்கப் போயிருப்பதாக நானும் தினம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் போன் வேண்டாம் என்றேன். நீ அங்கே அழுது என்ன ஆகப்போகிறது? அமீனா பீயின் அப்பா செத்துப் பத்து வருடம் ஆகிறது.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்திருக்கிறேன். மாமா ஆபீஸ் ஜீப்பை இரண்டு தடவை இடித்துவிட்டார். மூளை டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வந்தால்தான் ஸ்டியரிங் தொடலாம் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்க்கிற மெஹபூப் அலி பாய், போன வருடம் அதே டாக்டரிடம் போய் வந்தவர். கேள்விகளை அவர் சொன்னார். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. நீ சொன்ன விரல் வித்தையை அப்படியே செய்தேன். ரோஜா, பஸ், நாற்காலி, மாம்பழம், குடை. மூன்று வாரம், தினமும் காலையில் தோசை வார்ப்பதற்கு முன்னால். பாஸ் ஆகிவிட்டார். அன்றைக்குப் பாயசம் வைத்தேன் தம்பி.

நேற்று முன்தினம் மத்தியானம் ஜீப்பைக் காணவில்லை. திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குள், பஸ் திரும்புகிற இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். பின்னால் பதினைந்து பஸ், ஹாரன். இவர் ஜன்னலில் கையை வைத்து விரலை மடக்கிக்கொண்டிருந்தாராம். பாய் போய்க் கூட்டிவந்தார். ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால்? அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளையை இறங்கவிடாதே. மாமா சொன்னதாக நான் எழுதியது எல்லாம் பொய். மாமா இப்படி இருக்கிறார், அதுதான் அவருடைய பதில். போனில் சொல்லலாம்தான். நம்பரைப் போட்டுப் போட்டு வைத்துவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார்.

அக்கா


லூப்ளின்
27 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. சண்டை பதினைந்தாம் தேதி முடிந்துவிட்டது.

உன்மேல் கோபம் இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவன் இறங்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. மாமாவைப் பற்றியது மட்டும்தான் தெரியாது.

ஆறு ரவுண்டு வரை நன்றாகவே ஆடினான். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஏழாவது ரவுண்டில் இடது கை ஒன்று காதுக்கு மேலே விழுந்தது. விழுந்தான். எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான். ரெஃப்ரி அவன் இரண்டு கிளவுஸையும் பிடித்துக்கொண்டு, "எங்கே இருக்கிறாய், தெரிகிறதா?" என்று கேட்டார். போஹ்தான் தன் வலது கிளவுஸைக் குனிந்து பார்த்தான். பிறகு ரெஃப்ரியின் முகத்தைப் பார்த்துச் சத்தமாக, ஒரு தப்பும் இல்லாமல் சொன்னான். எலுமிச்சை, கம்பளி, சாவி, படகு, ஏணி.

ரெஃப்ரி வெளிநாட்டுக்காரர், போலிஷ் மொழி தெரியாது. ஆள் தெளிவாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார். "சண்டை தொடரட்டும்" என்று கையை ஆட்டினார். எனக்குத் தெரியும் அக்கா. அது டாக்டர் சோதனைக்கான பதில் என்று அந்த அரங்கத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். டவல் என் தோளில் கிடந்தது. நான் கோச்சைப் பார்த்தேன். கோச் கடிகாரத்தைப் பார்த்தார். ரவுண்டு முடியப் பதினோரு செகண்ட்.

அதற்குள் எல்லாம் முடிந்தது. அன்றைக்கே மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் இருக்கிறது.

மாமாவை ஜீப்பில் ஏற்றாதே. உன் காலில் விழுகிறேன்.

செம்பியன்


லூப்ளின்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? மாமா சாப்பிடுகிறாரா? நீ எழுதவில்லை என்று நான் குறை சொல்லப்போவதில்லை. நான் திடமாக இருக்கிறேன், வேலையை விட்டுவிட்டேன்.

போஹ்தானை ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் போகிறேன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டுகிறான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பேண்டேஜ் சுற்றிவிடுகிறேன். சுற்றச் சுற்ற அந்த ஐந்து வார்த்தையைச் சொல்கிறான். அவனிடம் மிச்சம் இருக்கிற பேச்சு அவ்வளவுதான். சொல்லிவிட்டு, பாஸா என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறான். பாஸ் என்கிறேன்.

போன வாரம் அவன் அம்மா கார்கிவிலிருந்து வந்துவிட்டார். ஹலீனா என்று பேர். மகன் ஏதோ கேட்கிறான் என்று நினைத்துவிட்டார். மறுநாள் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழமும் ஒரு கம்பளியும் கொண்டுவந்தார். வீட்டுச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவர்கள் வீடு இப்போது இல்லை அக்கா, சாவி மட்டும்தான் இருக்கிறது. என்னிடம் வந்து, "படகும் ஏணியும் எதற்குக் கேட்கிறான், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

செம்பியன்


கோட்டூர்புரம்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள செம்பியா,

கடவுள் புண்ணியத்தில் நீ உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூனுக்குப் பிறகு மாமா ஜீப்பை ஓட்டவில்லை. மெஹபூப் பாய் ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், பதிவேட்டில் இவர் கையெழுத்து. அப்படியே ரிட்டயர்மென்ட் வரை தள்ளிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். அந்த அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது என் மனதை விட்டுப் போகவில்லை. போன வாரம் பாய் லீவு. மாமா தானே போய் ஜீப்பின் சாவியை எடுத்துவிட்டார். வாட்ச்மேன் பார்த்துப் பிடுங்கியிருக்கிறார். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மாமாவை அதே டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன்.

டாக்டர் கேட்டார். மாமா தேதி, கிழமை எல்லாம் சொன்னார். காலையில் நான்தான் சொல்லிவிட்டிருந்தேன், பழக்கதோஷம். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. ரோஜா, பஸ், நாற்காலி, மாம்பழம், குடை. விரல் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லாத்தானேம்மா இருக்காரு?" என்றார் டாக்டர்.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது சார். நான் சொல்லிக் குடுக்காதத கேளுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

அதற்கு நான் விரல் வைக்கவில்லை தம்பி. அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கினார், பிரித்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். நான் வாயைத் திறந்தேன், டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அப்புறம் மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, சண்டை ஜெயித்து வருவாரே, அந்தச் சிரிப்பு.

"இவங்களா? நம்ம கார்னரு சார். எப்பவும் அங்கதான் நிப்பாங்கோ" என்றார்.

டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நேராக ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த சண்டை எப்போ?" என்று கேட்டார்.

"இன்னும் தேதி சொல்லல" என்றேன்.

இனிமேல் போனே செய். அவர் எடுத்தால், செம்பியன் ஸ்கூல் விட்டு வந்துவிட்டான் என்று சொல்.

உன் அக்கா,
மணிமொழி